வீட்டிலேயே கல்வி, ஞாயிறு மாலை நான்கு மணி

வாழ்நாளில் ஒரே ஒரு கூட்டம் நடத்தியிருக்கிறேன். தலைவர், சிறப்புப் பேச்சாளர், நன்றியுரை எல்லாம் நானே. அதற்குப் பிறகு கல்வியைப் பற்றி யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. (திறந்தாலும் வீட்டில் விடமாட்டார்கள்.)

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மனைவி ஸ்டெல்லா வடமதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். ஒரே மகள் ஜெனிட்டா மூன்றாம் வகுப்பு படித்தாள். ஒருநாள் அவளுடைய பரீட்சைத் தாள் வீட்டுக்கு வந்தது. 'உன் வீட்டைச் சுற்றி உள்ளவை எவை?' என்று கேள்வி. பிள்ளை தான் பார்த்ததை எழுதியிருந்தாள்: 'சாக்கடை, லாரி, பக்கத்து வீட்டு ஆடு, அப்பா.' அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. நியாயம் கேட்கப் போனேன். "புத்தகத்துல மரம், செடி, பூங்கான்னுதான சார் இருக்கு?" என்றார் அந்த டீச்சர், பாவம், பொறுமையாகத்தான் சொன்னார்.

எனக்குச் சாமி வந்துவிட்டது. மறுநாளே பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைக நாப்பது பேத்துக்குப் பாடம் எடுக்க நா பஸ் ஏறிப் போறேன். எம்பிள்ள வீட்டுல ஒக்காந்திருக்கணுமாக்கும்?" என்றாள் ஸ்டெல்லா.

அரசாங்கத்தின் கல்விக் கொள்கை, மனப்பாட முறை, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் உட்காரும் அடிமைப் புத்தி என்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். அவள் அரிசி களைந்து, உலை வைத்து, வெஞ்சனத்துக்குக் காயும் நறுக்கி முடித்துவிட்டாள். "ஒரே வருசம். அம்புட்டுத்தேன்" என்றாள் கடைசியில்.

முதல் மாதம் பிரமாதமாகப் போனது. தேங்காயை உடைத்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தேன். தாடிக்கொம்புக் கோயில் தூண்களைக் காட்டி வரலாறு நடத்தினேன். (பாதிக்கு மேல் என் சொந்தச் சரக்கு.) இரண்டாம் மாதம் கடையில் வேலை கூடிவிட்டது. ஜெனிட்டா பின்னறையில் தானே படித்துக்கொண்டாள். சத்தமே இருக்காது. 'பிள்ளை தானாகக் கற்கிறது பார்!' என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்ன மடத்தனம்!

என் வருத்தமெல்லாம் வேறு. என்னோடு சண்டைக்கு வர ஒருத்தரும் இல்லை. எதிர்ப்பு வரும், பதிலடி கொடுக்கலாம் என்று வாதங்களை நோட்டில் எழுதி வைத்துக் காத்திருந்தேன். வந்ததோ விசாரிப்புதான். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள், "பாப்பாவுக்கு ஒடம்புக்கு என்னண்ணே?" என்று மெதுவாகக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நாலு பெண்கள் அவள் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போவார்கள். கொள்கையைச் சொல்ல ஆரம்பித்தால், "ஆண்டவரு பாத்துக்குவாரு" என்று நகர்ந்துவிடுவார்கள். இத்தனை பெரிய ஊரில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் தனிமை என்னைத் தின்றது.

அதனால்தான் கூட்டம் போட முடிவு செய்தேன். 'பள்ளிக்கூடம் தேவையா? வாருங்கள், விவாதிப்போம்!' என்று தலைப்பு. கீழே, 'வீட்டிலேயே கல்வி. ஞாயிறு மாலை நான்கு மணி. ஆர்வமுள்ள பெற்றோர் வரவும்' என்று வீட்டு முகவரியோடு கறுப்பு மையில் எழுதினேன். தலைப்பை மட்டும் அழகாக எழுதச் சொல்லி ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த வெளிர் நீல ஸ்கெட்ச்சில் பூப்போட்டு எழுதினாள். கரண்ட் போவதற்குள் இருநூறு பிரதி எடுத்து, கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், பேப்பர் போடுகிறவரிடம் கொடுத்துவிட்டேன்.

வெளிர் நீலம் ஜெராக்ஸில் விழாது. இதைக் கடைக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான்.

ஞாயிறு நான்கு மணி. வாடகை நாற்காலிகள் முப்பது. ஸ்டெல்லா முணுமுணுத்துக்கொண்டே சுண்டல் அவித்திருந்தாள். இருபத்திரண்டு பக்க உரையோடு நின்றேன். ஆட்கள் வந்தார்கள்! எட்டுக் குடும்பம், எல்லாரும் பிள்ளைகளோடு. கண் கலங்கிவிட்டது எனக்கு.

"நண்பர்களே, நம் கல்விக் கொள்கை..." என்று தொடங்கினேன். முன் வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார்.

"சார், இவ கணக்குல மட்டும் மண்ணு. அஞ்சாப்புக்கு எடுப்பீகளா?"

"எதை எடுக்க?"

"டியூசன்தான் சார்! வீட்டுலயே கல்வின்னு போட்டிருக்கீகள்ல?"

அவர் நீட்டிய நோட்டீசைப் பார்த்தேன். தலைப்பு இருக்க வேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஐயா, நான் பள்ளிக்கூடமே வேண்டாம்னு சொல்றவன்!" என்று கத்தினேன்.

"அது சரி சார்" என்றார் பின்னால் ஒருவர் ரொம்ப மரியாதையாக. "ஸ்கூல்ல எங்க சொல்லித் தர்றாக? அதுக்குத்தான டியூசனே." எல்லாரும் தலையாட்டினார்கள். இத்தனை நாள் தேடிய ஆதரவு இப்படியா வந்து சேர வேண்டும்!

அப்போதுதான் கவனித்தேன், பிள்ளைகள் ஒன்றையும் காணோம். பின்னறையிலிருந்து ஜெனிட்டாவின் குரல் கேட்டது. அப்படி ஒரு கணீர்க் குரலை நான் எட்டு மாதமாகக் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன். வந்த பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஸ்டெல்லா காணோமென்று தேடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேட்டை மடியில் வைத்து, பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் "உள்ளேன் டீச்சர்!" என்று கத்தியது.

கடைசியாக ஒரு பேர் கூப்பிட்டாள். "ஜெனிட்டா."

பதில் இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"நீதானக்கா ஜெனிட்டா? இங்கனதான இருக்க?" என்றது ஒரு வாண்டு.

"நாந்தான் ஸ்கூலுக்கு வர்றதில்லைல? ஆப்சென்ட்டு" என்றாள் என் மகள், சாதாரணமாக.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். வந்தவர்கள் பேர் கடைசிப் பக்கத்தில் மட்டும்தான்; முந்தைய பக்கங்களிலெல்லாம் அவளுடைய பழைய வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருடைய பேரும் அவள் கையெழுத்தில் இருந்தன. பின்னறையில் தினமும் வெளியே கேட்காமல் அவர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்காகத் தானே பதில் சொல்லி, எல்லாருக்கும் டிக் போட்டிருக்கிறாள். ஒரு பேருக்கு எதிரே மட்டும் எட்டு மாதமும் சிவப்பு. பேச ஆளில்லையே என்று ஊரெல்லாம் புலம்பிய எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை பேச ஆளில்லாமல் கிடந்தது தெரியவில்லை. அழுதுவிட்டேன். எட்டுக் குடும்பமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப டியூசன் எப்ப சார் ஆரம்பம்?" என்றார் அந்த அம்மா, நிலைமை புரியாமல்.

"நாளையிலருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்புங்க. சார் எடுப்பாரு" என்று சுண்டல் தட்டோடு வந்த ஸ்டெல்லா சொல்லிவிட்டாள்.

எடுத்தேன். பதினைந்து வருடம் எடுத்தேன். எங்கள் தெருவில் என் பேரே 'டியூசன் சார்'தான். ஜூன் மாதம் ஜெனிட்டா பள்ளிக்குப் போனாள். கேட்டைத் தாண்டியதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள்.

இப்போது அவள் வேலை பார்ப்பது ஓசூரில். ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சரியாகப் போன் வரும். ஹலோ கிடையாது. "மைக்கேல்!" என்று என் பேரைக் கூப்பிடுவாள். "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள்.

போன வாரம் நான் முந்திக்கொண்டேன். எடுத்ததும், "ஜெனிட்டா!" என்று கூப்பிட்டேன்.

"இந்தப் பண்டிகைக்கு ஊருக்கு வர லீவு இல்லப்பா" என்றாள். "ஆப்சென்ட்டுப் போட்டுக்க."

மேசை இழுப்பறையில் அந்தப் பதிவேடு இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே சிவப்புப் பேனாவும். போட்டுக்கொண்டேன்.