சக்கரம் இல்லாத செங்கல்பட்டு பஸ்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆயிரம் பஸ் ஓடலாம். சக்கரம் இல்லாமல், டீசல் இல்லாமல், டிரைவரே இல்லாமல் ஒரு பஸ்ஸை ஓட்டிக் காட்டிய கண்டக்டர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் ஹோல்டான்.

அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ இருந்திருக்கும். செங்கல்பட்டு ரூட்டில் முப்பது வருஷம், வண்டியை நிறுத்த, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்தியதில் அது எங்கோ உதிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபின், மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மீனவர் குப்பத்தில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எழுபது வயது. காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. கழுத்தில் தொங்கும் விசிலையும் கழற்றவில்லை. தெருவில் நாலு பேர் நின்று பேசினால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல காலியாத்தானே கீது" என்பார். ஒரு கல்யாணப் பந்தியில், "எறங்கறவங்கல்லாம் எறங்கு!" என்று விசில் ஊதி, மாப்பிள்ளை வீட்டாரைப் பாயசத்துக்கு முன்பே எழுப்பிவிட்டார்.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள். போனதோடு நிற்காமல் பிசியோதெரபி பட்டமும் வாங்கியவள். இதை நான் அடிக்கடி சொல்வேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்கிய சூட்டோடு, புயல் பாதுகாப்பு மையத்தில் தினமும் காலையில் பெரியவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு என்று அறிவித்தேன். ஊருக்காக என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அது ஒரே ஒருவருக்காக. என் அத்தை அஞ்சலைக்காக.

அத்தை மீன் கூடை சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தார். அதற்கு எட்டு மாதத்துக்கு முன் கரையில் ஐஸ் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பயம் மட்டும் போகவில்லை. கட்டில், வாசற்படி, கட்டில். அவ்வளவுதான் அவருடைய உலகம். கெண்டைக்கால் சதை மாதாமாதம் மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியே விட்டால் அவர் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார் என்று படித்த எனக்குத் தெரியும். அத்தைக்கோ என் படிப்பின் மேல் கொள்ளைப் பெருமை, என் பேச்சின் மேல் துளி நம்பிக்கை இல்லை. "பொத்தினு வுழுந்தவ நானு. உனக்கு இன்னா தெரியும் மருமவளே?"

முதல் நாள் வகுப்புக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மின்விசிறிக் காற்றுக்காக. ஒருவர் தூங்க. மூன்றாமவர் ஹோல்டான்.

"இன்னா டாக்டரு, வண்டி காலியா கீதே?"

"நான் டாக்டர் இல்ல மாமா, பிசியோதெரபிஸ்ட்."

"அத்த சொல்றதுக்குள்ள ஸ்டாப்பிங் வந்துரும். டாக்டரு, உன் ரூட்டு சரியில்ல. நின்ன எடத்துலயே காலத் தூக்கு, எறக்குன்னா எவன் வருவான்? மனுசனுக்கு எங்கனா போவணும். போற எடத்துக்கு ஒரு பேரு வேணும்."

மறுநாள் காலை ஒரு நீளமான நைலான் கயிற்றோடு நின்றார். கயிற்றின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு கிழவர் கிழவிகள் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாள்காட்டித் தாளைக் கிழித்து ஆளுக்கொரு டிக்கெட்! புயல் மையம்தான் செங்கல்பட்டு. நடுவில் அம்மன் கோயில் திருக்கழுக்குன்றம். படகு நிற்கும் கரை மகாபலிபுரம். அசல் மகாபலிபுரம் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்டால், "அது வேற டிப்போ" என்றார்.

பஸ் ஓடிய இரண்டாம் நாள் இருபது பேர். மூன்றாம் நாள் சண்டை! கடல் பக்கம் ஜன்னல் சீட்டாம். யாரோ விடிவதற்கு முன்பே வந்து கயிற்றின் மேல் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்.

"துண்டு போட்டா சீட்டு உன்துதா? கயித்துக்கு ஏதுய்யா சீட்டு?"

"யோவ், நேத்தே சொல்லி வெச்சிட்டேன்!"

எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. நடக்கக் கூப்பிட்டால் முட்டிவலி என்றவர்கள், இப்போது நடப்பதற்கு இடம் பிடிக்கச் சண்டை போடுகிறார்கள்!

ஆனால் கண்டக்டருக்கும் எனக்கும் முதல் மோதல் வேகத்தில் வந்தது. "பாயிண்ட் டு பாயிண்ட்டு! எங்கயும் நிக்காது!" என்று ஒருநாள் அவர் ஓட்டியதில், நைனா என்ற பெரியவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. நான் கயிற்றைப் பிடித்து நிறுத்தி அவரை உட்கார வைத்தேன். "மாமா, நடந்துகிட்டே பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். உடனே நிறுத்தணும்."

ஹோல்டான் யோசித்தார். பிறகு சட்டம் போட்டார்: "இன்னைலேர்ந்து, வம்பு பேசற சத்தம் நின்னா வண்டி நிக்கும்." குப்பத்தில் அந்தச் சத்தம் எப்போது நின்றது? ஆனாலும் அவர் காதைத் தீட்டிக்கொண்டுதான் கூட வருவார். யாராவது மௌனமானால் விசில். வழி வீட்டு வாசல்களில் போட்டு வைத்த நாற்காலி. தண்ணீர்.

மற்றதையும் ஒவ்வொன்றாக நுழைத்தேன். வெயில் ஏறுவதற்குள் வண்டி திரும்பிவிட வேண்டும். வழுக்காத செருப்பு கட்டாயம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்தால்தான் டிக்கெட். "வண்டிக்கே எஃப்.சி. கேக்கறான், உனக்கு வாணாவா?" என்று, வண்டிக்குத் தகுதிச் சான்று கேட்கும் அதிகாரி போல ஹோல்டான் திருப்பி அனுப்புவார். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒளிக்காமல் சொல்ல வேண்டும். திருக்கழுக்குன்றம் ஸ்டாப்பில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கோயில் முதல் படியில் பத்து தடவை ஏறி இறங்கினால் மலையேறிய கணக்கு.

எல்லாவற்றுக்கும் மேலே, சடன் பிரேக்! முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த கால்கள் அவருடையவை. வண்டி புயல் மையத்துக்குத் திரும்பி, அவர் "பிரேக்!" என்று கத்தியதும் ஆளுக்கொரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கல்லூரியில் நான் ஒரு பருவம் முழுக்கப் படித்த சமநிலைப் பயிற்சியை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அடுத்த மாதமே, "வூட்ல ஈர சிமிட்டித் தரையில சறுக்குச்சு, கால் தன்னால நின்னுக்குச்சு" என்று நைனா வந்து சொன்னபோது பஸ்ஸே கைதட்டியது.

அத்தை மட்டும் வரவில்லை.

"ஊரே போவுது அத்த. நீயும் வாயேன்."

"அந்த ஆளு பஸ்ஸுல நான் ஏற மாட்டேன்."

பிறகுதான் சொன்னார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் கூடையோடு பஸ் ஏறியிருக்கிறார். நாற்றம் என்று யாரோ மூக்கைப் பிடித்தார்களாம். கண்டக்டராக இருந்த இதே ஹோல்டான் விசில் ஊதி, உச்சி வெயிலில், வெறும் சாலையில், கூடையோடு இறக்கிவிட்டாராம். மீதித் தூரம் முழுக்க அத்தை நடந்திருக்கிறார். "அன்னிக்கு நடந்தேன் பாரு, அதான் நடை. இப்ப அவன் கூப்ட்டு நான் நடக்கணுமா?"

இதை ஹோல்டானிடம் சொன்னேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் சொன்னேன். அவர் வாயிலிருந்து விசில் நழுவிக் கழுத்தில் தொங்கியது. "எத்தினியோ பேர எறக்கி வுட்டுருக்கேன், டாக்டரு. மூஞ்சி ஞாபகம் இல்ல" என்றார். அன்று முழுக்க யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ் கரைப் பக்கம் திரும்பாமல் எங்கள் சந்துக்குள் நுழைந்தது. ரூட் மாற்றம்! இருபத்திரண்டு பேரும் கயிறும் எங்கள் வாசலில் நின்றார்கள். அவர் விசில் ஊதவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

"கூடை எங்க?"

"எதுக்கு? திருப்பி எறக்கி வுடவா?"

"இல்ல தாயி. கூடையோட ஏறு. இந்த தபா எவனாச்சும் மூக்கப் புடிச்சான், அவன எறக்கி வுடறேன். அன்னிக்கு நான் பண்ணது தப்பு."

சந்தில் வம்புச் சத்தம் நின்றது. சட்டப்படி வண்டி நின்றுதானே ஆக வேண்டும், எல்லோரும் நின்றார்கள். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய், மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மறு கையால் கயிற்றைப் பிடித்தார். "ஜன்னல் சீட்டு" என்றார்.

துண்டு போட்டிருந்தவர் தானாக எழுந்து, அதாவது நகர்ந்து, இடம் விட்டார்!

நான் அவர் பக்கத்தில் இடுப்போரம் கையை வைத்துக்கொண்டே நடந்தேன். முதல் நாள் மூன்றாவது வீட்டு நாற்காலி வரை. ஒரு வாரத்தில் திருக்கழுக்குன்றம். இரண்டு மாதத்தில் மகாபலிபுரம். படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. அத்தை கயிற்றை விட்டுவிட்டு, நேற்றுவரை அங்கேயே நின்றவர் போல, "ஏய், அந்த சங்கரா மீன எவ்ளோக்கு வுட்ற?" என்று கத்தினாரே ஒரு கத்து! பஸ் முழுக்க விசிலடித்தது. ஊதாதவர் கண்டக்டர் ஒருவர்தான். காக்கிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைத்து முடித்ததும் என்னிடம் திரும்பினார். "டாக்டரு, இத்தினி நாளா டிக்கெட் எடுக்காமயே வந்துகினு கீற." ஒரு நாள்காட்டித் தாளைக் கிழித்து நீட்டினார்.

இப்போது எனக்குச் செங்கல்பட்டில் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் உறையைத் திறந்து என் பட்டச் சான்றிதழைக் காட்டுவேன். தொட்டுப் பார்க்கவும் கொடுப்பேன். அதே உறையில் இருக்கும் அந்த டிக்கெட்டை மட்டும் நான் யார் கையிலும் கொடுப்பதில்லை.