நேர்மைக் கழிவு

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று வரலாறு குறித்து வைக்கவில்லை. சக்கரத்தைச் செய்தவர் பெயரும் தொலைந்துவிட்டது. ஆனால் ராக் இசை ஆல்பங்களுக்குத் தசமப்புள்ளி வைத்து மதிப்பெண் போட முடியும் என்று மனித குலத்துக்குக் காட்டியவர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார். ஓர் இசை மாத இதழின் மூன்றாவது மாடி அலுவலகத்தில், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார். அங்கே அவரைத் ‘தசமம்’ என்பார்கள்.

மற்றவர்கள் ஏழு என்றோ எட்டு என்றோ முரட்டுத்தனமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். தசமம் 7.3 என்பார். ஏன் 7.4 இல்லை என்று கேட்டவரைக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். கேட்டவர் அப்புறம் இரண்டு நாளைக்குத் தலை நிமிர மாட்டார்.

அவருடைய முறை கறாரானது. முதல் பாட்டை முழுதாகக் கேட்பார். இரண்டாவதைப் பாதி. மிச்சத்தை அட்டைப்படத்தைப் பார்த்தே ‘உணர்ந்துவிடுவார்’. “கேட்டுட்டு எழுதுறவன் ரசிகன். கேக்காமலே எழுத முடிஞ்சாத்தான் விமர்சகன்” என்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் சொல்வார்.

‘நேர்மைக் கழிவு’ என்ற விதியும் அவர் மூளையில் உதித்ததுதான். ஆல்பம் போட்டவர் விமர்சகருக்கு உறவு என்றால், சலுகை காட்டியதாக யாரும் விரல் நீட்டாதபடி இரண்டு மதிப்பெண்களைக் கழித்துவிட வேண்டும். இந்த விதி இதுவரை பாய்ந்தது ஒரே ஒருவர் மீதுதான். அவர் தசமத்தின் மனைவியுடைய தம்பி.

பத்து வருடத்துக்கு முன் அந்த மைத்துனரும் நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஒரு ராக் குழு தொடங்கி, முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். தசமம் 5.2 என்று மதிப்பிட்டார். கழிவு போக 3.2. ‘இந்தக் குழு இன்னும் பிறக்கவில்லை, பிறக்காமலிருப்பதே நலம்’ என்று முடித்தார். ஊரில் ராக் கச்சேரிக்கென்று இருந்தது ஒரே அரங்கம். ஏழுக்குக் கீழே வாங்கியவர்களை அரங்கத்துக்காரர் வாசற்படி மிதிக்க விடமாட்டார். ஒரு தடவைகூட மேடை ஏறாமல் நால்வரும் கலைந்தார்கள். டிரம்ஸ்காரர் டைல்ஸ் கடைக்குப் போனார். கிதார்க்காரர் வாகன ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். பேஸ் கிதார்க்காரருக்குக் கல்யாணம் ஆயிற்று. பாடகரான மைத்துனர் லிஃப்ட் மெக்கானிக் ஆனார்.

இந்த வருடம் கல்லூரிப் பிள்ளைகள் அந்த ஆல்பத்தை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, செல்போனில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இதழும் சும்மா இருக்க முடியாதல்லவா? ‘மறுமதிப்பீட்டுச் சிறப்பிதழ்’ அறிவிக்கப்பட்டது. தசமம் ஆல்பத்தைத் திரும்பக் கேட்கவில்லை, திரும்ப யோசித்தார். 9.4 வந்தது. நேர்மைக் கழிவு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். விதி எண் 11 சொல்கிறது: இல்லாமற்போன குழுவுக்கு உறவினர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் அந்தச் சிறப்பிதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி தசமத்தின் வீட்டுக்கு வந்தார்.

“மாமா, அன்னிக்கு மூணு புள்ளி ரெண்டு. இன்னிக்கு ஒன்பது புள்ளி நாலு. நடுவுல ஆல்பத்துல என்ன மாறுச்சு?”

“ஆல்பத்துல ஒண்ணும் மாறலை மாப்ள. நீங்க இல்லாம போனீங்கள்ல, அதுல நல்ல முன்னேற்றம்.”

“நாங்க இருக்கோமே.”

தசமம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஆறு மாசமா நாலு பேரும் மறுபடி வாசிக்கிறோம் மாமா. ஒரு பழைய கட்டடத்து லிஃப்ட் மோட்டார் ரூம்ல. புது ஆல்பமும் முடிச்சாச்சு. ஏழுக்கு மேல வாங்கிட்டு வா, அரங்கத்தத் தர்றேன்னு அரங்கத்துக்காரரு சொல்லிட்டாரு. மார்க்கெல்லாம் எனக்குப் பெருசில்ல. ஒரே ஒரு தடவை மேடையில நின்னு பாடிடணும். முப்பத்தெட்டு ஆயிடுச்சு.”

“ஏங்க, ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்” என்றார் மனைவி.

“கேக்குறதெல்லாம் கடைசிக் கட்டம். முதல்ல கூட்டம்.”

மறுநாள் இதழ் அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. செய்தியைக் கேட்டதும் ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்தார்.

“உயிரோட இருக்காங்களா?”

“நாலு பேரும் சார்.”

“அடக் கடவுளே. தனித்தனியாவா, குழுவாவா?”

“தனித்தனியாத்தான் இருந்தாங்க. இப்ப குழுவா.”

“அட்டையில ‘மறைந்த மேதைகள்’னு போட்டிருக்கோமே! இவங்க பாட்டுக்கு வந்து நின்னா நம்ம 9.4 என்னத்துக்கு ஆகும்?”

“9.4 ரத்தாகும். புது ஆல்பத்துக்கு அதிகபட்சம் 5.1 வரும். கழிவு போக 3.1.”

“நீங்க கேட்டீங்களா அதை?”

“உயிரோட இருக்குற குழு சார். கேக்கணுமா?”

ஆசிரியர் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டார். முக்கால் மணி நேரம் விவாதித்து, இரண்டு தேநீர் குடித்து, இப்படித் தீர்மானித்தார்கள்: குழு நிரந்தரமாகக் கலைந்துவிட்டதென்று எழுத்தில் உறுதி கொடுத்தால், புது ஆல்பம் ‘கண்டெடுக்கப்பட்ட கடைசிப் பதிவு’ என்று கருதப்பட்டு 9.6 பெறும். இசை வரலாற்றில் ஒரு படைப்பு கேட்கப்படும் முன்பே இவ்வளவு நுணுக்கமாக மதிப்பிடப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

தசமம் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போனார். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அலுவலக லிஃப்ட் பாதியில் நின்றிருந்தது. மைத்துனர் அதன் கூரை மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். திறந்த கதவு வழியே தரைக்கு மேல் அவர் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. கையில் ஸ்பானர். வாயில் ஒரு மெட்டு. அது புது ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டு. தசமத்துக்குத் தெரியாததால் இடையூறின்றிக் குறுக்கிட்டார்.

“மாப்ள, இதுல ஒரு கையெழுத்து.”

“கலைஞ்சுட்டோம்னு போட்டிருக்கே மாமா?”

“சும்மா ஒரு சம்பிரதாயம். போட்டா 9.6.”

“அரங்கம் கிடைச்சுடும்ல?”

“ஏழுக்கு மேல போனாக் கிடைக்கும்னு நீதானே சொன்னே?”

மைத்துனர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். துடைத்தும் போகாத கிரீஸில் கட்டைவிரல் ரேகை ஒன்று தாளில் பதிந்தது. ஆசிரியர் அதைப் பார்த்துக் கலங்கிவிட்டார். “இந்த ரேகையிலயே ஒரு முடிவு தெரியுது பாருங்க” என்று சொல்லி, கடிதத்தை அப்படியே மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டார்.

9.6 வெளியானது. அன்று மாலையே மைத்துனர் அரங்கத்துக்குப் போனார். அரங்கத்துக்காரர் எழுந்து நின்று வரவேற்றார்.

“அடுத்த ஞாயிறு மத்தியானம் அரங்கம் உங்களுக்குத்தான். ஆனா நீங்க மேடை ஏறக் கூடாது.”

“ஏன் சார்?”

“கலைஞ்சாச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. கலைஞ்சவங்க வந்து பாடினா அது மோசடி. டிக்கெட் வாங்குனவன் உங்க சட்டையைப் பிடிக்க மாட்டான், என் சட்டையைத்தான் பிடிப்பான்.”

இவ்வாறாக ‘அஞ்சலி நிகழ்வு’ நடந்தது. அரங்கம் நிரம்பி, பின்னால் நிற்கவும் இடமில்லை. மேடையில் டிரம்ஸ், இரண்டு கிதார், நடுவே ஒரு மைக். மைக்குக்குப் பின்னால் யாருமில்லை. வெளிச்சம் மட்டும் வட்டமாக விழுந்தது. தசமம் நாற்பது நிமிடம் பேசினார். “இந்த நால்வரையும் உலகம் கைவிட்டது” என்று சொன்னபோது அவர் குரலே கம்மியது. எந்த உலகம் என்று அவர் சொல்லவில்லை. பேச்சில் அதற்கு நேரமில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் புது ஆல்பம் ஓடியது. தசமமும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டார். முதல் பாட்டை முழுதாக. இரண்டாவதைப் பாதி.

கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு நால்வர் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் தசமத்தின் மனைவி. டைல்ஸ்காரர் முழங்காலில் தாளம் தட்டினார். நான்கு பாட்டு வரை மைத்துனர் வாயை மூடித்தான் இருந்தார். ஐந்தாவது பாட்டு தொடங்கியதும் எழுந்து நின்றார். காலி மைக்கைப் பார்த்தபடி பாடினார். ஒலிபெருக்கியிலிருந்து வந்த அதே குரல், அதே மூச்சு. பத்து வருடம் காத்திருந்ததால் கொஞ்சம் கூடுதல் சத்தம்.

“உஷ்ஷ்!” என்றது முன் வரிசை.

“சார், உட்காருங்க சார்” என்றான் ஒரு கல்லூரி மாணவன். “ஒரிஜினலைக் கெடுக்காதீங்க.”

இரண்டு காவலாளிகள் வந்தார்கள். மைத்துனர் கடைசி வரியை வாசற்படியில் பாடி முடித்தார். அந்தப் படியில் நின்று அவர் பாடியது அதுவே முதல் தடவை என்பதை ஒரு வளர்ச்சியாகவே கொள்ள வேண்டும்.

அடுத்த மாத இதழில் நிகழ்வுக்கு 9.3 வந்திருந்தது. ‘காலி மேடை கண்ணீரை வரவழைத்தது. கடைசி வரிசையில் யாரோ ஒருவர் அசலைப் போலவே பாட முயன்றது மட்டும் குறை. 0.3 கழிக்கப்பட்டது.’

மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு இதழை மடித்தார்.

“ஏங்க, அந்த யாரோ ஒருத்தர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? குரல் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்குக் கழிச்சீங்க?”

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேற யாராவது பாடியிருந்தா 0.1 தான் கழிச்சிருப்பேன். மிச்சம் நேர்மைக் கழிவு, ஒரு பாட்டுங்கறதால பத்துல ஒரு பங்கு. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து, சொந்த மச்சானுக்கு உதவி பண்ணிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு.”

யாரும் சொல்லவில்லை. இன்றுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.