எண்பது பேருக்குப் பல்லை உள்ளே தள்ளியவன்

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டிப் புவனகிரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சிதம்பரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பேருந்து வந்தது, ஏறவில்லை. ஏறினால் எங்கே போகிறேன் என்று கண்டக்டரிடம் சொல்ல வேண்டும். (எனக்கே தெரியாது.) 2007-ஆம் வருடம். வெயில் படாத வேலை ஒன்று பல வருடத்துக்குப் பிறகு கிடைத்து, நாற்பது நாளில் அதைத் தொலைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் பல் சீரமைப்பில் மேல்படிப்புப் படிக்கும் ஒரு டாக்டரம்மா ஆய்வு செய்துகொண்டிருந்தார். பக்கவாட்டில் எடுத்த மண்டையோட்டு எக்ஸ்ரே எண்பது. ஒவ்வொன்றின் மேலும் டிரேசிங் ஷீட்டை ஒட்டி, விளக்குப் பெட்டியில் வைத்து, தாடையையும் முன்பல்லையும் பென்சிலால் வரைந்து கோணம் அளக்க வேண்டும். அதே எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரிலும் அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் ஆய்வு. கம்ப்யூட்டரை அவர் பார்த்துக்கொண்டார். கையால் வரைவதையும் அவரேதான் செய்திருக்க வேண்டும். நேரமில்லை, என்னைப் பிடித்தார்.

எட்டாம் வகுப்போடு நின்ற என்னை ஏன்? கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடம், எடுத்த படத்தைப் பென்சிலால் திருத்தும் டச்சிங் வேலை பார்த்தவன் நான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்களின் படங்கள் என்னிடம்தான் வரும். "பல்ல லேசா உள்ள தள்ளுடா" என்பார் முதலாளி. தள்ளுவேன். என் பென்சிலால் கரையேறிய பெண்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். (மாப்பிள்ளைகள் பிறகு என்ன சொன்னார்கள் என்று விசாரித்ததில்லை.)

"அண்ணே, படிப்பு முடிஞ்சதும் கடலூர்ல கிளினிக் போடறேன். எக்ஸ்ரே ரூமுக்கு நீங்கதான்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த அறைக்காகவே மயிரிழை பிசகாமல் வரைந்தேன். அப்படித்தான் நம்பினேன்.

அளவுகள் வந்தன. "அண்ணே, கம்ப்யூட்டர் எல்லாத்துலயும் ஜாஸ்தி காட்டுது! சாஃப்ட்வேர்லயே கோளாறு!" என்று குதித்தார் டாக்டரம்மா.

"மிஷின் மிஷின்தானே டாக்டரம்மா" என்றேன், பெருந்தன்மையாக.

மறுநாள் என் ஷீட்டுகளையும் கொஞ்சம் எக்ஸ்ரேயையும் பேராசிரியர் முன் விரித்தார். நான் மீதி எக்ஸ்ரே கட்டோடு கதவோரம் நின்றேன். பேராசிரியர் என் ஷீட் ஒன்றை எடுத்து அதன் எக்ஸ்ரே மேல் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று. பத்தாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

"கை தவறுனா ஒரு தடவ உள்ள போவும், ஒரு தடவ வெளிய போவும். இதுல பத்துலயும் பல்லு உள்ளதாம்மா போயிருக்கு. இது அளவெடுக்க வரைஞ்சதா, கல்யாணத்துக்கு வரைஞ்சதா?"

சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. துருத்திய பல்லைக் கண்டதும் கை தானாக வேலையைப் பார்த்திருக்கிறது.

"யாரு வரைஞ்சது?"

நான் வாயைத் திறந்தால் டாக்டரம்மாவின் படிப்பே போய்விடும். ஆய்வு அவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சார்" என்றார்.

"எட்டாங்கிளாஸ்கூட இப்படி வரையாது. எண்பதையும் மறுபடி வரைஞ்சாத்தான் என் கையெழுத்து."

அந்த எட்டாங்கிளாஸ் கதவோரம் வாயை மூடிக்கொண்டு நின்றது.

வெளியே வந்ததும் டாக்டரம்மா என் கையிலிருந்த எக்ஸ்ரே கட்டை வாங்கிக்கொண்டார். "கெளம்புங்க அண்ணே. உங்களத் திட்டக்கூட எனக்கு வாயில்ல." கிளினிக்கைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்க ஒரு முகம் வேண்டுமே.

புவனகிரியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு வடலூரில் இறக்கினார். மறுநாள் காலை காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றில் ஆள் வேண்டும் என்றார்கள், சேர்ந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், "முன்னாடி என்னா வேல பாத்தீங்க?" என்றாள்.

"மண்டையோடு வரைஞ்சேன்."

"அதை ஏன் வுட்டீங்க?"

சொன்னேன். கொட்டகையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், கொட்டையை வைத்து உடைக்கும் கட்டை ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "இங்க நீங்க எதையும் சரி பண்ண வேணாம். ஒடச்சாப் போதும்."

அவளைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன். வீட்டில் நான் ஆணி அடிக்கப் போனாலும் இன்றுவரை அந்தப் பேச்சுதான், பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

அன்று, கொட்டையின் எண்ணெய் விரலைப் பொசுக்கும் என்று கையில் சாம்பல் பூசிவிட்டார்கள். பருப்பு முழுசாக வர வேண்டும் என்று மேஸ்திரி இரண்டு முறை சொன்னார். முதல் கொட்டையைக் கட்டையில் வைத்துத் தட்டினேன். பருப்பும் சேர்ந்து உடைந்தது.