சக்கரம் கழற்றிய டிரெய்லர்

இந்த ஜென்மத்தில் மச்சான் டெல்மரின் பால் பண்ணைக்குப் போவதில்லை என்று வெர்லின் சபதம் எடுத்துவிட்டார். ஒவ்வொரு ஜூலையிலும் மனைவி ஆர்லிஸ், உள்ளேயே படுத்துத் தங்க வசதியுள்ள டிரெய்லரைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டச் சொல்வாள். பண்ணையில் போய் இறங்கியதுமே டெல்மர், "வா மாப்ள!" என்று கையில் ஒரு மண்வாரியைக் கொடுப்பார். இரண்டு வாரம் சாணி அள்ள வேண்டும். அதற்குப் பெயர் விடுமுறை.

சபதத்தை வெளியே சொல்ல முடியுமா? அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் ஆர்லிஸ் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள். அதனால் மே மாதமே டிரெய்லரைப் புதுப்பிக்கிறேன் என்று ஆரம்பித்தார். தரையைப் பெயர்த்தார். சக்கரங்களைக் கழற்றினார். சக்கரம் இல்லாத வண்டி எந்தப் பண்ணைக்குப் போகும்?

நாலு மூலையிலும் இருக்கும் குட்டிக் கால்களை இறக்கி, அவற்றின்மேல் வண்டியை நிறுத்தினார். அந்தக் கால்கள் வண்டி ஆடாமல் பிடிக்கத்தான். எடையைத் தாங்க அல்ல. வண்டி நடுவில் தொய்ந்து கதவு இறுகிக்கொண்டது. உள்ளே வெர்லின். ஆர்லிஸ்தான் ஜன்னல் வழியாக இழுத்துப் போட்டாள்.

"உசுரோட விளையாடுறியா? அடியில ஒழுங்கா முட்டுக் குடு!"

இந்த முறை தடிப்பலகைகளைப் பரப்பி, அச்சுக்கு முன்னும் பின்னும், இரும்புச் சட்டத்துக்கு நேர் கீழே கனத்த ஸ்டாண்டுகளை நிறுத்தினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது.

"இப்ப ஏறிக் குதி பாக்கலாம்."

ஆர்லிஸ் தரையில்லாத வண்டியின் சட்டத்தின்மேல் ஏறிக் குதித்தாள். "அட, கல்லு மாதிரி நிக்குதே! வேலை எப்ப முடியும்?"

"அவசரப்பட்டா ஆபத்து. ரெண்டு வருஷமாவது ஆகும்."

"ஆகட்டுமே" என்றாள். இவ்வளவு லேசாக அவள் எதையும் விட்டதில்லை. வெர்லினுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

மறுவாரம் சாப்பாட்டு மேசையில் ஆர்லிஸ் சொன்னாள்: "அண்ணன் போன் பண்ணாரு. வீட்டுக் கூரையைப் பிரிக்கிறாங்களாம். நம்ம டிரெய்லர்ல தங்கிக்கலாமான்னு கேட்டாரு."

வெர்லினுக்குப் புரையேறியது. "அதுல தரையே இல்லையே!"

"பலகை போட்டுக்குவாராம்."

"சாஞ்சுட்டா?"

"நான் குதிச்சே சாயல. அவரு படுக்கத்தானே போறாரு?"

"எத்தனை நாளைக்கு?"

"நீ சக்கரம் மாட்டுற வரைக்கும்."

பேய் பிடித்தவர் மாதிரி வேலை பார்த்தார் வெர்லின். தரை வந்தது, அலமாரி வந்தது, ஜூலை பிறப்பதற்குள் சக்கரமும் வந்தது. வண்டி பளபளவென்று ரோட்டைப் பார்த்து நின்றது. அப்பாடா என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், ஆர்லிஸ் பெட்டியோடு பிக்கப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இங்க இடமில்லைன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"யாரு, அண்ணனா? காலையும் சாயங்காலமும் பால் கறக்கிற மனுஷன். மாட்டை விட்டுட்டு என்னிக்கு வெளிய ராத்தங்கியிருக்காரு?"

பால் பண்ணைகளுக்குப் பேர்போன விஸ்கான்சினில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பயத்தில் வெர்லினுக்கு மறந்துபோயிருந்தது.

"அப்ப கூரை பிரிக்கிறாங்கன்னது பொய்யா?"

"சேச்சே, அது நிஜம். பிரிக்கத்தான் ஆள் பத்தலையாம். ஏறு."