மேம்பாலத்தில் நின்ற ஒரிஜினல்

சிலருக்குக் குலதெய்வம், சிலருக்குக் கட்சி. எனக்கு அம்பாசடர். அந்தக் கார் இனி வராது என்று செய்தி வந்த அன்று துக்கத்தில் நான் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. (அதற்கு முந்தின நாலு நாளும் செய்துகொள்ளவில்லை என்பது என் மனைவியின் வாதம்.)

என்னைப் போன்றவர்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கரணையில் ஒரு டீக்கடை முன் கூடுவோம். கார்களை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்போம். 'ஒரிஜினல்' என்பதுதான் எங்களுக்குள் பெரிய பாராட்டு. வேறு கம்பெனி இன்ஜினை மாட்டியவனைக் கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோல் பார்ப்போம். அப்படிப் பார்ப்பதில் நான் முதல் வரிசை.

என் காரை எனக்கு விற்றவர் ஸ்டெல்லா டீச்சர். சேலையூரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் இறந்தபின் இருபது வருடம் தானே அந்தக் காரை ஓட்டி, மகள் ப்ரியாவைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோய் விட்டவர். முழங்கால் வலியால் கிளட்ச் மிதிக்க முடியாமல்தான் விற்றார். சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கி, "பாஸ்கர், கண்ட இன்ஜினை மட்டும் இதுல மாட்டிடாதீங்க" என்றார். "உயிரே போனாலும் மாட்டேன் டீச்சர்" என்றேன் நான்.

இரண்டாவது கோடையில் உயிர் போனது. என்னுடையதல்ல, இன்ஜினுடையது. ஏற்றம் வந்தால் கொதிக்கும். சமதரையில் புகை விடும். கீழ்க்கட்டளை மெக்கானிக் பாஷா அதை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, உடைக்க வந்த ஒரு வேனின் ஜப்பான் இன்ஜினை மாட்டினார். அது சொன்னபடி கேட்டது. ஆர்.சி. புத்தகத்திலும் முறைப்படி ஏற்றினேன். அரசாங்கத்திடம் சொன்னதை டீச்சரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பானெட் பூட்டு மாட்டிக்கொண்டது என்று ஒன்றரை வருடம் சமாளித்தேன்.

அப்போதுதான் டீச்சர் வீட்டுக்கு வந்தார். "ப்ரியாவுக்குக் கல்யாணம். சர்ச்சுக்கு நம்ம கார்லதான் போவேன்னு நிக்கிறா. நீங்கதான் ஓட்டணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிரவு தூக்கமில்லை. வேன் இன்ஜின் சத்தத்தைக் கேட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். மகளின் கல்யாண நாளிலா நான் வாக்குத் தவறியது தெரியவேண்டும்? மறுநாளே பாஷாவிடம் ஓடினேன்.

"இன்னா சார், ஓடினுகீற இன்ஜினை எறக்கிட்டு, படுத்துகினுகீறதை ஏத்தச் சொல்றே? நல்லாத்தான் கீறியா நீ?"

"ஒரே நாள்தான் பாஷா. அவங்க காதுக்குப் பழைய சத்தம் கேக்கணும்."

"சத்தம்தானே? அது வரும். வண்டி வருமான்னு கேளு."

நான் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, வெள்ளை ரிப்பன் கட்டிய காரில் அம்மாவும் மகளும் ஏறினார்கள். சாவியைத் திருப்பியதும் பழைய சத்தம் அப்படியே வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. நெகிழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்துப் பூரித்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் சர்ச். நடுவில் மேம்பாலம். பாதி ஏற்றத்தில் கார் ஆவி விட்டது, இருமியது, நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அங்கிள், பத்து மணிக்குக் கல்யாணம்" என்றாள் ப்ரியா. மணி ஒன்பது ஐம்பது. தள்ளுவதைத் தவிர வழியில்லை. அந்தக் காரிலேயே ஓட்டக் கற்றவள் என்பதால் கல்யாணப் பெண்ணே முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் பின்னால் போனேன். முழங்கால் வலியோடு, பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றார் டீச்சர்.

தள்ளிக்கொண்டே, "அந்த வேன் இன்ஜின் எங்கே?" என்றார்.

எனக்குக் கை நழுவியது. "உங்களுக்கு... தெரியுமா?"

"இருபது வருஷம் ஓட்டியிருக்கேன், சத்தம் தெரியாதா? மாத்தி முதல் நாள் எங்க தெருவுல வந்தீங்களே, அன்னிக்கே தெரியும். ரெண்டு நாள் கோபமா இருந்தேன். அப்புறம் பார்த்தா, வண்டி நிக்காம ஓடுது. அந்த தைரியத்துலதான் கல்யாணத்துக்கே கேட்டேன். இந்த இன்ஜினை நம்பி யாராவது பொண்ணை ஏத்துவாங்களா?"

"உங்களுக்காகத்தான் டீச்சர்..."

"பேசாம தள்ளுங்க."

வெட்கத்தில் காது சுட்டது. நான் பானெட்டை மூடி மறைத்த ஒன்றரை வருடமும், எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். சாவியோடு வந்த அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேனே தவிர, அதன்பிறகு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும் பேச்சு அது.

பஸ் கண்டக்டரும் இறங்கிவந்து கைகொடுக்க, பாலத்தின் உச்சியைத் தொட்டோம். நானும் டீச்சரும் பின்சீட்டில் தாவி விழுந்தோம். செத்த இன்ஜினோடு, சத்தமே இல்லாமல், கல்யாணப் பெண் எங்களை இறக்கத்தில் ஓட்டிக்கொண்டுபோனாள். கீழிருந்து சர்ச் வாசல்வரை தெருவே தள்ளியது. நாங்கள் போய்ச் சேரும்போது பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து நின்றான். பெண் மனம் மாறிவிட்டாள் என்றே முடிவுகட்டிவிட்டானாம் பாவம்.

பாஷா மறுவாரமே வேன் இன்ஜினைத் திரும்ப மாட்டினார். பழையதை நான் எடைக்குப் போட்டேன். பள்ளிக்கரணையில் பானெட்டைத் திறந்தும் காட்டினேன். இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ப்ரியா இன்றும் தன் வீட்டுக்கு வருகிறவர்களிடம் "எங்க கல்யாணத்துக்காக நல்ல இன்ஜினைக் கழட்டினவர் இவர்தான்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறாள்.

போன மாதம் டீச்சர் போன் செய்தார். ப்ரியாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம், கார் வேண்டும் என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன். போனை வைக்கும் முன், "பாஸ்கர், ஒரே ஒரு விஷயம்" என்றார். "தயவுசெஞ்சு எனக்காக எதுவும் செஞ்சிடாதீங்க."