பிரளயம் அண்ணாச்சி மறுத்த டிக்கெட்

உலகம் அழியப்போவதை அத்தனை சந்தோஷமாகச் சொன்ன மனிதர் தென்காசித் தாலுகாவில் வேறு யாரும் கிடையாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா அவர். நான் பக்கத்து அறையில் பார்சல் குமாஸ்தா. ஊர் அவருக்கு வைத்த பெயர் பிரளயம் அண்ணாச்சி.

குற்றாலத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது எல்லாரும் கட்டிலையும் கண்ணாடியையும் ஏலம் எடுக்க, இவர் மட்டும் ஒரு பித்தளைத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாரல் மாதங்களில் வானமே தெரியாது. அப்போதும் அதற்குக் குடை பிடித்துக்கொண்டு பிளாட்பாரக் கோடியில் நிற்பார். அது யுத்த காலம். சந்தேகப்பட்டு விசாரிக்க வந்த போலீஸ்காரர் வியாழனைப் பார்த்துவிட்டு, மறுநாள் மாமனாரையும் கூட்டிவந்தார்.

நட்சத்திரங்களும் பிறந்து சாகும், நம் சூரியனும் ஒருநாள் அணைந்துபோகும் என்று டிக்கெட்டோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவார். எப்போது என்று சொல்வதற்குள் ரயில் வந்துவிடும்.

வினை அதில்தான் வந்தது. ஒரு மாசி மாதச் சாயங்காலம், கடையத்து விவசாயி ஒருவர் மனைவியோடு வந்து, காசிக்கு இரண்டு டிக்கெட் கேட்டார். சூரியன் அணைவதற்குள் கங்கையில் முழுகிவிட வேண்டுமாம். விளைந்த நெல் அறுக்காமல் நிற்கிறது என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. டிக்கெட் தர முடியாது என்று ஜன்னலைச் சாத்தினார். மெமோ வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தியதைக் காதிலேயே வாங்காமல், இருவரையும் தொலைநோக்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இருட்டத் தொடங்கியிருந்தது. சனிக்கிரகத்தின் வளையத்தைப் பார்த்த அம்மாள் அழுகையை மறந்துவிட்டாள்.

விவசாயி மட்டும் விடவில்லை. “சூரியன் அணையுமா, அணையாதா அண்ணாச்சி?”

அண்ணாச்சிக்குப் பொய் வராது. “அணையும். ஆனா அதுக்குப் பல கோடி வருஷம் கெடக்கு.”

“அப்பம் இந்த அறுப்பு?”

“தாராளமா அறுக்கலாம்.”

அந்த அம்மாள் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து, “கேட்டியளா? வீட்டுக்கு வாங்க” என்றாள்.

அவர்களைக் கடையம் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தவரிடம், எல்லாம் அழியத்தான் போகிறது என்றால் தினமும் எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

“அழியறதுக்குள்ள பாத்திரணும்லா” என்றார்.

சொல்லிவிட்டு மறுபடியும் தொலைநோக்கியில் குனிந்துகொண்டார். நான் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.