டப்பா கண்டக்டரும் எங்கள் வீட்டு முளைப்பாரியும்

மதுரை பழங்காநத்தத்திலேயே குப்பை வண்டிக்காரரோடு மல்லுக்கட்டிக் குப்பை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் மாடிவீட்டுக்காரர்தான். உசிலம்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். தெருவுக்கு அவர் டப்பா கண்டக்டர்.

குடித்தெறிந்த பேப்பர் கப், தயிர் டப்பா, பால் பாக்கெட் எல்லாவற்றிலும் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதை ஊன்றுவார். ஆள் சுத்த சைவம். ஆனாலும் புரோட்டாக் கடையில் போய் நிற்பார்.

"முட்டை வேணாம், ஓடு மட்டும் எம்புட்டுண்ணே வேணும்?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"இன்னைக்கு மொளகா போடுறேன். ஒரு முப்பது குடுங்க."

கட்டைப் பிரம்மச்சாரி. கட்டிலில் தக்காளி, ஃப்ரிட்ஜ் மேல் கத்தரி. மனிதர் தரையில் படுப்பார். டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஜன்னலோரக் கப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பார். "ஒரே பக்கமா சாயாதீங்கப்பா, உள்ள தள்ளி நில்லுங்க!" என்பது கீழே எங்களுக்குக் கேட்கும். எனக்கும் பாடம் எடுப்பார்: "நாத்து வெளுத்துச்சுன்னா வெளிச்சத்துக்கு ஏங்குதுன்னு அர்த்தம்ணே. அப்படி விடுறது கொலபாதகம்."

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இருதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் மனைவி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு முளைப்பாரி போட்டாள். உள்ளறை ஜன்னலைச் சாத்தி, சட்டியில் நவதானியம் தூவினாள். இருட்டில் வளர்ந்தால்தான் முளைப்பாரி பொன்னிறமாக நெடுநெடுவென்று நிற்கும். அது நன்றாக வந்தால் நான் பிழைப்பேன். வராவிட்டால் என்ன என்பதை அவள் வாயால் சொல்லவில்லை.

டெஸ்ட் எடுக்க இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது? மாடியில்தான் நிபுணர் இருக்கிறாரே!

"ரெண்டு வேளை தண்ணி மட்டும் தெளிச்சிட்டுக் கதவச் சாத்திருங்க தம்பி."

"கவலைய விடுங்க மதினி, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தால் உள்ளறை ஜன்னல் ஆவென்று திறந்து கிடக்கிறது. முளைப்பாரி பச்சைப்பசேலென்று தெருவை எட்டிப் பார்க்கிறது.

"மஞ்சக்காமாலை வந்த மாதிரி கெடந்துச்சு மதினி, தேத்திட்டேன்!" என்றார் பெருமையாக.

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"ஏய்யா, நீயெல்லாம் மதுரைக்காரனா? முளைப்பாரின்னா என்னன்னு தெரியாது?" என்று கத்தினேன்.

"தெரியும்ணே." அவர் முகம் செத்துவிட்டது. "ஆனா அதுக நெலமையப் பாத்ததும் மனசு கேக்கலண்ணே."

இதற்குமேல் என்னத்தைத் திட்ட? என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருவிழா அன்று அம்மன் கோயிலுக்கு ஊரே பொன்னிறத்தில் தூக்கிப்போன ஊர்வலத்தில் எங்கள் வீட்டுப் பச்சையையும் தலையில் வைத்து நடந்தாள். "தப்பு யாரு மேலன்னு ஆத்தாளுக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்தபோது அவள்தான் பக்கத்தில் நின்றாள். வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டு, அதிகம் பேசக் கூடாது என்று எச்சரித்துவிட்டு நர்ஸ் நகர்ந்தார்.

"டப்பா தம்பி நேத்துக் காலையில இருந்து வெளிய நிக்கிறாருங்க" என்றாள் மனைவி. "பச்சத்தண்ணி பல்லுல படல. அண்ணன் கண்ணு முழிக்கட்டும்ங்கிறாரு."

நெஞ்சில் தையல். மூச்சு விட்டாலே உயிர் போகிறது. ஆனாலும் பேசினேன். பிழைத்து வந்து நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்த லூசுப் பயல மொதல்ல சாப்பிடச் சொல்லு."